கிரகணத்தன்று நறுக்கிய கத்தரிக்காய்

சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிற பாண்டிராஜ் நான்தான். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. கடைக்கு வருகிறவர்களிடம் நாலு வருஷமாக நான் புலம்பியது ஒரே கதைதான்: என் மனைவி கோமதித்தாய் கிரகணத்தன்று கத்தரிக்காய் நறுக்கிய கதை.

அவள் என் சொந்த அக்கா மகள். தென்காசியிலிருந்து ஒரு வாத்தியார் மாப்பிள்ளை பெண் கேட்டு வந்தபோது, "தாய்மாமன் நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன், வெளியில எதுக்குக் குடுக்கணும்?" என்று ஒற்றைக்காலில் நின்று கட்டிக்கொண்டேன். அவளுக்குச் சம்மதமா என்று கேட்கத் தோன்றவில்லை. உரிமைக்காரன் என்ற திமிர்!

மகள் ப்ரியதர்ஷினி வயிற்றில் இருந்தபோதுதான் அந்த மார்கழி மாதத்துச் சூரிய கிரகணம். வயிற்றுப்பிள்ளைக்கு ஊனம் வரும், அரிவாள்மனையைத் தொடாதே என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். மத்தியானம் வந்தால் கத்தரிக்காய்க் குழம்பு. "நீங்க பசியோட வருவியளேன்னு நறுக்கிட்டேன் மாமா" என்றாள்.

பிள்ளைக்கு ஒன்றரை வயதில் முழங்கால் வீங்கியது. காய்ச்சல் வரும், வடியும், பிறகு கணுக்காலில் வீங்கும். ரத்தமே இல்லாமல் முகம் வெளிறிப்போனது. எத்தனையோ மாத்திரை கொடுத்தார்கள். கிருமி எதுவும் அகப்படவில்லை. எனக்குத்தான் காரணம் தெரியுமே! பிள்ளை வலியில் அழும்போதெல்லாம், அது கேட்கக் கேட்க, "ஒங் கத்தரிக்காய்தாம்ட்டி எம்புள்ள கால முடக்கிட்டு" என்று கத்துவேன். கோமதி மறுபேச்சுப் பேசமாட்டாள். ஒவ்வொரு ஆடித்தபசுக்கும் கோயிலில் வெறுந்தரையில் சோற்றைப் போட்டு மண்சோறு சாப்பிட்டாள். எதற்கென்று தெரிந்தும் நான் தடுக்கவில்லை.

போன மாதம் மதுரையில் ஒரு டாக்டரம்மா மரபணுப் பரிசோதனை முடிவை வைத்துக்கொண்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"சொந்தத்துலயா கல்யாணம்?"

"அக்கா மக."

"கிருமி இல்லாமலே உடம்பே எலும்பை வீங்க வைக்கிற நோய் இது. ஒரு மரபணுவில் கோளாறு. அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வந்தாத்தான் பிள்ளையைப் பாதிக்கும். ஒரே குடும்பம்கிறதால உங்க ரெண்டு பேர்கிட்டயும் அதே கோளாறு இருக்கு."

"அப்போ கிரகணம்?" என்றேன்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. வீக்கத்துக்கு மருந்து இருக்கு. மனசைப் போட்டு வருத்திக்காதீங்க, இது யார் தப்பும் இல்லை."

யார் தப்பும் இல்லையாம். நான் வீட்டில் பேசிய பேச்சு அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

வெளியே வந்து, மருந்து இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். கோமதி கையெடுத்துக் கும்பிட்டாள். மிச்சத்தைச் சொல்லாமல் விட்டால் அவளுக்கு எப்படியும் தெரியப்போவதில்லை என்றுகூட நினைத்தேன், பாவி. பஸ் ராஜபாளையம் தாண்டியதும் பொறுக்க முடியவில்லை.

"கோமதி, ஒங் கத்தரிக்காயால இல்லட்டி. நம்ம ரெண்டு பேரு ரத்தத்துலயும் இருந்திருக்கு. நான் அடம்புடிச்சு ஒன்னக் கட்டாம இருந்தா புள்ளைக்கு இது வந்திருக்காது."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"நெசமாவா மாமா? டாக்டரம்மாவே சொன்னாவளா?" என்று மூன்று தடவை கேட்டாள். பிறகு மடியில் தூங்கிய பிள்ளையை உலுக்கி எழுப்பினாள். "ஏட்டி மக்கா, அம்மையால இல்லையாம்ட்டி!" என்று விம்மி அழுதாள்.

ப்ரியா கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அப்போ ஏம்ப்பா அம்மைய ஏசிக்கிட்டே இருந்தீய?"

கோமதி சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள். "அப்பாவ அப்படிக் கேக்கக்கூடாது மக்கா" என்றாள்.