இருபத்துநாலாவது ஊசி

ராணுவக் கிடங்கு, வங்கி லாக்கர், அரண்மனைக் கஜானா இதையெல்லாம் காவல் காக்கிறவர்கள், வருஷத்துக்கு ஒரு முறை வரிசையில் நின்று எங்கள் அண்ணியின் இரும்பு பீரோவைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். செருப்பை வெளியே கழற்றிவிட்டு. பூமி ஒருநாள் தலைகீழாகக் கவிழ்ந்து, மலையெல்லாம் கடலில் விழுந்து, தூசி அடங்கியதும் யாராவது சின்ன சைஸ் கறுப்புக் கண் ஒன்று வேண்டும் என்று கேட்டால், “ரெண்டாவது தட்டு, ஐஸ் ட்ரேல நாலாவது குழி” என்று அண்ணி திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்லுவார்.

அண்ணி துணிப் பொம்மை தைக்கிறவர். முயல், கரடி, யானை. கடைத்தெருவில் இருக்கும் பொம்மைக் கடைக்கு மாசம் இரண்டு மூட்டை போகும். எங்கள் வீடோ மூன்றாவது மாடியில் இரண்டே அறை. அண்ணன், அண்ணி, பதினோரு மாசத்துக் குழந்தை, நான். மிச்சமிருக்கிற இடத்தில்தான் மொத்தச் சாமானும். கதவுக்குப் பின்னால் செருப்பு வைக்கத் தொங்கவிடுகிற பையில் நூல்கண்டுகள். பால்பவுடர் டப்பாக்களில் ரிப்பன். ஐஸ் ட்ரேயின் குழிகளில் பொம்மைக் கண்கள், அளவு வாரியாக. வயிற்றில் அடைக்கிற பஞ்சு தலையணை உறைகளில். அந்தத் தலையணைகளில்தான் நான் தூங்குவேன். திங்கட்கிழமை மகாராணி மாதிரி உயரமாகப் படுத்தால், வெள்ளிக்கிழமை என் தலையணை நாலு யானை வயிற்றுக்குள் போயிருக்கும், என் தலை தரையில் கிடக்கும்.

எல்லா டப்பாவிலும் அண்ணி சீட்டு எழுதி ஒட்டியிருப்பார். நாத்தனார் என்றால் அண்ணியைப் படுத்தி எடுக்க வேண்டும் என்று ஊரே எதிர்பார்க்கிறது. நானும் என்னால் முடிந்த கடமையைச் செய்தேன். கத்தரிக்கோல் இழுப்பறையில் ‘அண்ணியின் நாக்கு’ என்று எழுதி ஒட்டினேன். அண்ணி அதைக் கிழிக்கவில்லை. மறுநாள் பார்த்தால் அதற்குக் கீழே சின்ன எழுத்தில், ‘நாத்தனார் நாக்கு அடுத்த இழுப்பறையில். மழுங்கியது.’

இதற்கு முன்னால் அண்ணி ரெடிமேட் துணி கம்பெனியில் ஏழு வருஷம் வேலை பார்த்தவர். “ஏழு வருஷமும் இடது கை மட்டும்தான் தெச்சேன். சட்டையோட இடது கை. முழுச் சட்டைய நான் பாத்ததே இல்ல” என்பார். குழந்தை பிறந்து, வேலையை விட்டு, ஒருநாள் கிழிந்த போர்வையில் ஒரு முயல் தைத்தார். காது, கண், வால் எல்லாம் தன் கையாலேயே. இரண்டு நாள் அந்த முயலை இடுப்பில் செருகிக்கொண்டே சமைத்தார். இந்த வேலை இல்லாமல் அண்ணி மறுபடி இருந்துவிடுவார் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அந்த வேலைக்கு உலை வைத்தவள் நான்தான். போன வாரம் இரண்டு பொம்மைக் கண்களை எடுத்துப் பால் புட்டியில் ஒட்டினேன். புட்டி முழித்துப் பார்த்தது, குழந்தை விழுந்து விழுந்து சிரித்தது. அரை மணி கழித்து ஒரு கண் குழந்தையின் வாய்க்குள் இருந்தது. அண்ணன் விரலை விட்டு எடுத்தான். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு திருகாணி குறைந்தாலும் லிஃப்டை ஓட விடாத ஆள். அன்றைக்கு அவன் கத்தவே இல்லை.

“இன்னும் ஒரே ஒரு தடவை. அப்புறம் இந்தச் சாமான் ஒண்ணுகூட இந்த வீட்ல இருக்காது” என்றான்.

யார் வேலை என்று அண்ணிக்குத் தெரியும். என்னைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்து, “நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்” என்றார்.

அன்றிலிருந்து சாயங்காலம் ஆறு மணிக்கு ஊசி எண்ணிக்கை. பஞ்சு வைத்துத் தடித்த துணி சுற்றிய ஒரு பலகை, நாலு வரிசை, வரிசைக்கு ஆறு ஊசி. எந்த வரிசை ஊசி என்று தெரிய ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பொட்டு நெயில் பாலிஷ். நீள ஊசிக்குச் சிவப்பு. இருபத்துநாலும் வந்த பிறகுதான் குழந்தையைத் தரையில் விடுவார். ஆறரைக்கு அண்ணன் வருவான். ஷூவைக் கழற்றும்போதே கேட்பான், “இருபத்தி நாலா?”

நாற்பது பொம்மை மூட்டை கட்ட வேண்டிய நாள் அது. ஏழு மணிக்குக் கடை வேன் வரும். கடைசிக் கரடியை ஐந்தரைக்கு முடித்து, மூட்டையில் போட்டுவிட்டு, அண்ணி பலகையை எடுத்து வைத்துக்கொண்டார். குழந்தை என் இடுப்பில்.

“இருபத்தி மூணு” என்றார்.

மறுபடி, ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினார். சிவப்பு வரிசையில் ஐந்துதான்.

“ஏய் வாலு. எடுத்தியா?”

“சத்தியமா இல்ல அண்ணி.”

“பலூன் உடைக்க? யார் நாற்காலியிலயாவது வைக்க?”

“நாற்காலி வேலையெல்லாம் போன வருஷமே விட்டாச்சு.”

என் முகத்தையே ஒரு நிமிஷம் பார்த்தார். நம்பிவிட்டார். அதுதான் பயமாக இருந்தது. நான் எடுத்திருந்தால், அது எங்கே இருக்கிறது என்று ஒருத்திக்காவது தெரிந்திருக்குமே.

பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று கயிற்றில் கட்டி பீரோவில் தொங்கும். அண்ணி அதை எடுத்துக்கொண்டு மண்டியிட்டார். கட்டிலுக்கு அடியில், தையல் மிஷின் காலடியில், பாய் மடிப்பில், சுவர் ஓரத்தில். காந்தத்தில் இரண்டு ஹேர்பின், ஒரு ஆணி, அண்ணன் மூன்று மாதமாகத் தேடிய சாவி ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. ஊசி வரவில்லை. குழந்தை கீழே இறக்கு இறக்கு என்று என் வயிற்றில் உதைத்தது. அதற்கென்ன, அதற்கு அது விளையாட்டு நேரம்.

ஆறு பதினெட்டு. அண்ணி நிமிர்ந்தார். நெற்றியில் வியர்வை, முழங்காலில் தூசி.

“இன்னிக்கோட முடிஞ்சுது” என்றார், யாரிடமோ சொல்வது போல.

“பக்கத்து வீட்டுல டார்ச் வாங்கிட்டு வரேன்” என்று குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். போகிற போக்கில் நெயில் பாலிஷ் புட்டியையும் கைக்குள் அமுக்கிக்கொண்டேன். நான் போனது பக்கத்து வீட்டுக்கு இல்லை. நாலு கட்டடம் தள்ளி இருக்கும் தையல் சாமான் கடைக்கு.

“நீள ஊசி ஒண்ணு, அங்கிள்.”

“ஒண்ணெல்லாம் கிடையாது. பாக்கெட்டா வாங்கிக்கோ.”

“அங்கிள், உயிர் போற விஷயம்.”

“ஊசிலயா?” என்றார். ஆனால் என் மூஞ்சியைப் பார்த்ததும் பிரித்து ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

இரண்டாவது மாடிப் படியில் உட்கார்ந்து பொட்டு வைத்தேன். அவசரத்தில் பாதி என் கட்டைவிரல் நகத்தில். ஊதிக்கொண்டிருக்கும்போது கீழே ஷூ சத்தம். அண்ணன். ஊசியை முட்டிக்கு அடியில் மறைத்துவிட்டு நகத்தை ஊதினேன்.

“பத்தாவதுல கணக்குல கோட்டை விட்டாச்சு. இப்ப படிக்கட்டுல உக்காந்து அலங்காரமா?”

“கை வரிசைல கட்டைவிரல்தான் மூத்தது. அதான் அதுக்கு முதல் மரியாதை.”

“வாயப் பாரு. நகரு.”

நகர்ந்தேன். மேல் நோக்கி, இரண்டு இரண்டு படியாக. அவனுக்கு முன்னால் வீட்டுக்குள் பாய்ந்தேன்.

“கிடைச்சிடுச்சு அண்ணி! வாசல் மிதியடியில குத்திக்கிட்டு இருந்துது!”

அண்ணி ஊசியை வாங்கினார். இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு தடவை உருட்டினார். பலகையில் ஆறாவது இடத்தில் குத்தினார். அண்ணன் வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

“இருபத்தி நாலா?”

“பலகையில இருபத்தி நாலு இருக்கு” என்றார் அண்ணி.

குழந்தையை அவர் கீழே விடவில்லை. அண்ணன் கையில் கொடுத்து, வாசல் வரை கூடப் போய் ஏதோ மெதுவாகச் சொன்னார். பால் வாங்கச் சொல்கிறார் என்று நினைத்தேன். அண்ணன் மறுபடி ஷூவை மாட்டிக்கொண்டு குழந்தையோடு இறங்கிப் போனான். அண்ணி போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார்.

நான் உள் அறையில் கட்டிலில் மல்லாந்தேன். எனக்கு நானே முதுகில் தட்டிக்கொள்ள முடிந்திருந்தால் தட்டியிருப்பேன். ஒரு நிமிஷம் அப்படிப் போனது. அடுத்த நிமிஷம் எழுந்து உட்கார்ந்தேன். அப்படியென்றால் உண்மையான ஊசி?

தரையில் இல்லை, காந்தம் எல்லா இடமும் போய்விட்டது. நீள ஊசியால் என்ன செய்வார்? கண் வைப்பார், காது சேர்ப்பார். மத்தியானம் குழந்தை வீறிட்டு அழுதபோது கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். கையில் இருந்தது பொம்மை.

மூட்டையைப் பார்த்தேன். நாற்பது பொம்மை. நாற்பது வீடு. எந்த வீட்டிலோ ஒரு குழந்தை அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கன்னத்தை வைத்து அழுத்தும். தேடிக்கொண்டிருந்தவரை ‘கிடைச்சிடுச்சு’ என்று நிறுத்தியவள் நான்.

முடிச்சை அவிழ்த்தேன். காந்தத்தைக் கயிற்றில் தொங்கவிட்டு ஒவ்வொரு பொம்மையாக, முன்னால், பின்னால், காதுக்குள். முயல்கள் முடிந்தன. மணி ஆறு ஐம்பது. கரடி ஒன்பது, பத்து. கீழே ஹாரன் அடித்தது. கரடிகள் முடிந்தன. மறுபடி ஹாரன், இந்தத் தடவை நீளமாக. யானை ஒன்று. இரண்டு. மூன்று. ஏழாவது யானையின் காதுக்குப் பின்னால் காந்தம் தானாகத் திரும்பிப் போய் ஒட்டிக்கொண்டது.

நகத்தால் கிள்ளி இழுத்தேன். சிவப்புப் பொட்டோடு, கோத்திருந்த யானைக் கலர் நூல் துண்டோடு முழுசாக வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இது எங்கே இருந்தது என்று அண்ணிக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் யாரும் சொல்ல வேண்டியதில்லை, அவரே பீரோவைப் பூட்டிச் சாவியை எறிந்துவிடுவார். ஊசியைச் சடைப் பின்னலுக்குள் செருகினேன். யானையை மூட்டைக்குள் தள்ளினேன். நிமிர்ந்தால் அறை வாசலில் அண்ணி. சேலையை இழுத்துச் செருகியிருந்தார், கையில் பக்கத்து வீட்டு டார்ச்.

“என்னடி பண்றே?”

“பொம்மை நாப்பதும் சரியா இருக்கான்னு…”

“நீ எப்பலேர்ந்து கணக்குல இவ்வளவு அக்கறை?”

“வேன் வந்துடுச்சு அண்ணி, ஹாரன் அடிக்கிறான்!”

“அது காய்கறி வண்டி. வேனை நாளைக்கு வரச் சொல்லிட்டேன்.” பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “ஆறு மாசமா என் கையில இருக்கிற ஊசி, என் விரலுக்கு ஏத்த மாதிரி லேசா வளைஞ்சிருக்கும். நீ குடுத்தது குச்சி மாதிரி நேரா இருக்கு.”

நான் மூட்டையின் முடிச்சைப் போட ஆரம்பித்தேன்.

“உங்க அண்ணன்கிட்டயும் வாசல்லயே சொல்லிட்டேன். ஒண்ணு காணோம், இன்னும் கிடைக்கலன்னு.”

“ஐயோ! என்ன சொன்னான்?”

“‘காணோம்னு நீயே சொன்னே பாரு, அது போதும். கிடைக்கிற வரைக்கும் பிள்ளையோட கீழயே இருக்கேன்’னார்.” டார்ச்சை எரிய விட்டார். “வா. ரெண்டு பேரும் தேடலாம். முதல்ல இந்த மூட்டை.”

“மூட்டை வேணாம் அண்ணி! பீரோ பின்னாடி பாக்கலாம். எனக்கென்னவோ அங்கதான் இருக்கும்னு தோணுது. நான் போய்ப் பாக்கறேன், நீங்க உக்காருங்க.”

எழுந்தேன். அண்ணி என்னையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“கழுத்த ஏன் அப்படி விறைப்பா வெச்சிருக்கே?”

“சுளுக்கு.”

“சுளுக்குக்கு எதுக்குடி சடையில சாம்பல் கலர் நூல் தொங்குது?”