கம்பியில்லாத ரெகுலேட்டர்

அந்தப் பள்ளியில் அவருக்கு மெஷின் சார் என்று பெயர். பாடம் நடத்துகிறவர் அல்ல. மொட்டை மாடியில் இருந்த பெரிய இரும்புப் பெட்டி அவர் பொறுப்பு. கோடையில் கட்டடத்தைக் குளிர வைப்பதும் குளிர்காலத்தில் சூடாக்குவதும் அதன் வேலை. அது கிழடுதட்டிப் போய் நாலு நாள் ஓடினால் ஒரு நாள் படுத்துவிடும். ஆனால் அவருக்குப் பெரிய தலைவலி பெட்டி இல்லை, ஆசிரியர்கள்தான். படித்ததெல்லாம் வாயோடு சரி, மண்டையில் ஒன்றும் கிடையாது என்பது அவர் தீர்ப்பு. உலகத்தில் தனக்கு மட்டும்தான் மண்டை இருக்கிறது என்று மனதார நம்பியவர் அவர்.

ஆசிரியர் அறைச் சுவரில் ஒரு ரெகுலேட்டர் இருந்தது. வலப்பக்கம் திருகினால் சூடு, இடப்பக்கம் திருகினால் குளிர். சரித்திர வாத்தியார் நடுங்கிக்கொண்டே வலப்பக்கம் திருகுவார். அவர் போய் உட்காருவதற்குள் ஓவிய வாத்தியார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு இடப்பக்கம் திருகுவார். மாடியில் பெட்டி திணறி நின்றுவிடும். மெஷின் சார் முணுமுணுத்துக்கொண்டே படியேற வேண்டும். பொறுத்துப் பார்த்தவர், ஒரு விடுமுறையில் யாருக்கும் சொல்லாமல் ரெகுலேட்டரின் கம்பியை வெட்டினார். முனைகளில் டேப் சுற்றிச் சுவருக்குள் தள்ளிவிட்டு, வெறும் கூட்டைப் பழையபடி மாட்டினார். கட்டுப்பாடெல்லாம் அவர் அறைக்குப் போய்விட்டது.

ஒரு பயலும் கண்டுபிடிக்கவில்லை. திருகினார்கள், "ஆ, இப்பதான் இதமா இருக்கு" என்றார்கள். அதைப் பார்ப்பதற்கென்றே அவர் தினமும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். இத்தனை பேர் காதில் ஒரே நேரத்தில் பூச்சுற்றிய பெருமை அவருக்கு.

அதில் ஒரு சங்கடம். அதே அறையில் உட்கார்ந்திருந்த கணக்கு டீச்சர் அவருடைய மனைவி. திருகுவதில் அவள் கெட்டிக்காரி என்று அறை முழுக்கப் பேச்சு. "நீங்க வச்சாதான் டீச்சர் சரியா நிக்குது" என்று மற்றவர்கள் அவளைக் கூப்பிடுவார்கள். அவளும் எழுந்து போய், கண்ணைச் சுருக்கி, மயிரிழை அளவு திருப்பிவிட்டு வருவாள். வீட்டில் அதைச் சொல்லிப் பூரித்தும் போவாள். சொல்லிவிடலாம் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை. உள்ளூரச் சிரித்தார். கட்டிய மனைவியைப் பார்த்தே சிரிக்கிறவனை என்னவென்று சொல்வது?

கடைசியில், பெற்றோர் கூட்டம் நடந்த கோடை நாளில் இரும்புப் பெட்டி அனல்காற்றை வாரி இறைத்தது. புதிதாக மாற்றுவது என்று முடிவானது. புது மெஷின் வைப்பவர்கள் சுவரைத் திறப்பார்கள். மற்றவர்கள் காறித் துப்பினால் துடைத்துக்கொண்டு போகலாம், மனைவிக்குத் தெரிந்தால்? ஆசிரியர் அறை வேலையை விடுமுறையில் வைத்துக்கொள்ளலாம் என்று தலைமை ஆசிரியையிடம் குழைந்து கேட்டு வாங்கினார்.

வேலையாட்கள் மாடி வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு, விடுமுறைவரை காத்திராமல் மதிய உணவு நேரத்தில் நேராக ஆசிரியர் அறைக்குள் நுழைந்தார்கள். தகவல் கேட்டு இவர் ஓடி வந்தபோது ஃபிட்டர் கையில் ஸ்குரூடிரைவர் இருந்தது.

"அதைத் தொடாதீங்க, அது அப்படியே இருக்கட்டும்" என்றார் மெஷின் சார்.

"கழட்டாம எப்படி சார் புதுசு மாட்டுறது?" ரெகுலேட்டர் ஃபிட்டர் கையோடு வந்துவிட்டது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன சார் இது, கம்பியே இல்ல?"

சோற்றுக் கைகள் அப்படியே நின்றன.

"எலி கடிச்சிருக்கும்" என்றார் மெஷின் சார்.

ஃபிட்டர் சுவருக்குள் விரலை விட்டு முனையை வெளியே இழுத்தார். "எலி கடிச்சிட்டு டேப்பும் சுத்திட்டுப் போயிருக்கு சார். நல்ல வேலைக்கார எலி."

ஓவிய வாத்தியாருக்குப் புரையேறியது. சரித்திர வாத்தியார் கெட்ட வார்த்தை ஒன்றை முதன்முறையாகச் சத்தமாகச் சொன்னார். கணக்கு டீச்சர் மட்டும் டப்பாவை மூடிக் கைகழுவிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள். எல்லோரும் அவளைப் பார்க்காதது போலப் பார்த்தார்கள்.

சாயங்காலம் வீட்டில் அவர் சமாதானத்தைத் தயாராக வைத்திருந்தார். "உன்ன ஏமாத்தணும்னு செய்யல. அந்த வாத்தியாருங்க அடிச்சுக்கிட்டது தாங்கல. மெஷினையும் காப்பாத்தணும்ல?"

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "சயன்ஸ் டீச்சர் மாசமா இருந்தப்ப குளிர்ல நடுங்கினா. நான் திருகிவிட்டு, 'இப்ப சூடாயிடும் பாரும்மா'ன்னு சொன்னேன். பாவம், அவளும் தலையாட்டினா. நீங்க வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தீங்க. உங்க ரூமுக்குப் போயி கொஞ்சம் கூட்டி வச்சிருக்கலாம்ல?"

அன்றைக்கு அவர் சிரித்தது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வெட்கமாக இருந்தது.

"சரி, அத விடுங்க. வீட்டுல நான் எது சொன்னாலும் சரி சரிங்கிறீங்களே, அதுக்காவது கம்பி இருக்கா?"

அவர் தலையை ஆட்டினார்.

"சரி, சரி" என்றார்.