என் நம்பருக்கு வந்த ஓடிபி

பாப்பாரப்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். படிப்பு ஐந்தாவது. முதல் நாளே ஒரு விவசாயி திரையைப் பார்த்துக் கோபப்பட்டார். ‘நான் ரோபோ இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போடச் சொன்னதாம்.

"நாலு மாடு கறக்கறவனப் பாத்து மெஷினான்னு கேக்குதுங்களே!"

"மெஷினுங்க ஒரு நிமிசத்துல ஆயிரம் பொய் அப்ளிகேஷன் போட்டுடுமுங்க. அதான் கேக்குது" என்றார் ஓனர்.

போன் இல்லாதவர்கள் நிறைய பேர் வருவார்கள். ஓடிபி என்ற ரகசிய எண் வர ஒரு போன் நம்பர் வேண்டுமே. நான் சென்டரிலேயே இருப்பதால் ஓனர் அவர்களுக்கெல்லாம் என் நம்பரைப் போட்டுவிட்டார். பிறகு வேறு இடத்தில் கணக்கைத் திறக்கும்போது யார் போனையாவது வாங்கிக் கூப்பிடுவார்கள். "ஆயா, நம்பர் வந்துச்சுங்களா?" படித்துச் சொல்வேன். அப்படியே அவர்கள் ஊர் ஏரியூரில் மழையா, மாடு கன்று போட்டதா என்று பேச்சு நீளும். நேரில் எனக்கு யாரிடமும் வாய் வராது. போனில் வந்தது.

என் நம்பரைப் போட்டு அப்ளிகேஷன் கொடுத்திருந்த பூங்கொடி என்ற பெண்ணுக்கு நர்சிங் சீட்டு கிடைத்திருந்தது. கடைசி நாளன்று மாலை ஐந்து மணிக்குள் ஆன்லைனில் சம்மதம் கொடுக்காவிட்டால் சீட்டு போய்விடும். அன்று மதியம் ஓர் ஆள் கூப்பிட்டான். "கவுன்சிலிங் ஆபீசுங்க. பூங்கொடிக்கு இப்ப வந்த நம்பரச் சொல்லுங்க." சொல்லிவிட்டேன்.

நான்கு மணிக்குப் பூங்கொடி வந்தாள். பாஸ்வேர்டை யாரோ மாற்றியிருந்தார்கள்.

"யாருகிட்டயாச்சும் ஓடிபி சொன்னீங்களா ஆயா?" என்று ஓனர் கேட்டார்.

"கேக்கறவங்களுக்குச் சொல்றதுதானே தம்பி என் வேல?"

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். கூப்பிட்டவன் ஆபீஸ் ஆளே இல்லையாம். நல்லவேளை, கணக்கில் இருந்த என் நம்பரை அவன் மாற்றியிருக்கவில்லை. புது பாஸ்வேர்டுக்கு ஓடிபி கேட்கலாம். அதற்கு முன் சிக்னல் விளக்கு இருக்கிற படங்களைத் தொடச் சொன்னது திரை. பூங்கொடி இரண்டு முறை தப்பாகத் தொட்டாள்.

"அழுதுகிட்டே பாத்தா எப்படிம்மா தெரியும்? கண்ணத் தொடச்சுக்க" என்றார் ஓனர்.

மூன்றாம் முறை திறந்தது. ஓடிபி வந்தது. ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் சம்மதம் ஏறியது.

பூங்கொடி என்னைத் திட்டவில்லை. "ஆயா, எங்கம்மாவுக்கு இப்பதான் போன் வாங்கினோம், இனி அந்த நம்பரே இருக்கட்டுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க" என்றாள். ஓனர் மற்றவர்களுக்கும் அவரவர் வீட்டு ஆள் நம்பரை வாங்கி ஒவ்வொன்றாக மாற்றினார்.

சென்டரில் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அவரவர் கணக்குக்கு அவரவர் நம்பர்தான் போட வேண்டும். ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. அதுதான் சரி.

வயதாகி வேலையை விட்டு, இப்போது வீட்டில் இருக்கிறேன். நம்பர் கேட்டு யாரும் கூப்பிடுவதில்லை. மழை பெய்தால் மட்டும், ஏரியூரிலும் பெய்கிறதா என்று கேட்க மனசு போனைத் தேடுகிறது.