தாடையால் படி ஏறியவர்

அவள் என்ன டாக்டர் என்பது சொந்தக்காரர்களுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. "இருதயமா, எலும்பா, குழந்தையா?" என்று கேட்பார்கள். "அவசர சிகிச்சை" என்பாள். "அது சரி, அப்புறம் என்ன படிக்கப்போறே?" என்பார் மாமனார். அதுவே தனிப் படிப்பு, அதற்காகத்தான் இத்தனை வருடம் கண்விழித்தேன் என்று சொன்னால், பஸ் நிறுத்தத்தைக் காட்டி இதுதான் என் வீடு என்று சொல்பவளைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

யார் வேண்டுமானாலும் எதைத் தூக்கிக்கொண்டும் அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வரலாம். வந்தவருக்கு உயிர் ஆபத்தா இல்லையா என்று கண்ணிமைக்கும் நேரத்தில் பிரித்தாக வேண்டும். அதில் அவள் கில்லாடி. சங்கடம் என்னவென்றால், நாள் முழுக்க நிஜ ஆபத்தைப் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் யாருடைய வலியும் வலியாகவே தெரியாது. மகளுக்குக் காய்ச்சல் கொதித்தாலும் "ஒண்ணுமில்லை", விரலை நசுக்கிக்கொண்டாலும் "ஒண்ணுமில்லை". கணவர் அவளுக்கு 'ஒண்ணுமில்லை டாக்டர்' என்றே பட்டம் கொடுத்திருந்தார்.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயந்தாங்கொள்ளிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே பிழைப்பு நடத்தினாலும் குரலை உயர்த்தாத மனிதர். அன்று காலை சட்டைக்குப் பட்டன் போட்டபடி சொன்னார்.

"மாடிப்படி ஏறினா தாடை வலிக்குது. தோளுக்கும் இறங்குது. முந்தாநாள்லேர்ந்தே இப்படித்தான், சொன்னேனே."

"தாடையால ஏறினா வலிக்கத்தான் செய்யும். காலால ஏறுங்க," என்றாள் அவள், தலைவாரிக்கொண்டே. "ஒண்ணுமில்லை. தலையணையை மாத்துங்க."

அவரும் சிரித்துக்கொண்டுதான் போனார்.

வேலைக்கு வந்து கொஞ்ச நேரத்தில் ஒரு பெயிண்டர் வந்தார். கையெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு. பல்வலி என்று பல் டாக்டரிடம் போக, பல்லில் கோளாறு இல்லை என்று அவர் இங்கே அனுப்பியிருந்தார்.

"எப்பெல்லாம் வலிக்குது?" என்று கேட்டாள்.

"ஏணியில ஏறும்போதுதான் டாக்டர். இறங்கி உட்கார்ந்தா விட்டுடும். இன்னைக்கு என்னமோ விடவே மாட்டேங்குது."

ஈசிஜி தாள் வெளியே வரும்முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது. மாரடைப்பு. இருதயத்தின் வலி சிலருக்குத் தாடையில்தான் தலைகாட்டும் என்று பயிற்சி டாக்டர்களிடம் தொண்டை கிழியக் கத்துபவளே அவள்தான். அடுத்த நொடி, காலையில் தான் அடித்த ஜோக் ஞாபகம் வந்தது.

கணவரின் போனுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள். பாடம் நடக்கும்போது போனை மௌனமாக்கிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். யாரோ கற்றுக்குட்டி ஓட்டும் காரில் அவர் உட்கார்ந்திருப்பார். அப்போதுதான் பெயிண்டரின் கண் செருகியது. திரையில் கோடு கன்னாபின்னாவென்று துடித்தது.

போனைத் தலைமை நர்ஸின் கையில் திணித்தாள். "இவர் எடுக்கிற வரைக்கும் அடிச்சுக்கிட்டே இருங்க. வண்டியை நிறுத்தச் சொல்லுங்க." பிறகு கட்டிலோரம் ஏறி நின்று பெயிண்டரின் மார்பை அழுத்தத் தொடங்கினாள். ஓடு, ஓடு என்றது மனது. ஓடினால் இவர் கதை முடிந்தது. அவள் ஓடவில்லை. அதற்காகத் தன்னை மன்னிக்க முடியுமா என்றும் தெரியவில்லை.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க!" மின்சாரம் பாய்ச்சினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் அழுத்தினாள், மறுபடியும் பாய்ச்சினாள். கோடு தடுமாறி, ஒழுங்காக ஓடத் தொடங்கியது. பெயிண்டர் பெரிதாக மூச்சை இழுத்தார்.

"டாக்டர்," என்றாள் நர்ஸ். முகம் வெளுத்திருந்தது. "யாரோ ஒரு அம்மா எடுத்தாங்க. சாருக்கு வேர்த்துக் கொட்டுதாம். நம்ம ஆஸ்பத்திரித் தெருவுக்கே வந்துட்டாங்களாம். அந்த அம்மாதான் ஓட்டுறாங்களாம்."

வாசலில் விடாமல் ஹாரன் அடித்தது. ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தில் கற்றுக்குட்டிப் பலகை மாட்டிய கார் ஒன்று குலுங்கி நின்றது. ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்தபடி நடுத்தர வயது அம்மா ஒருத்தி, "எனக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதுங்க!" என்று அழுதாள். பக்கத்தில் அவர், சாம்பல் நிற முகத்தோடு, "நல்லா ஓட்டுனீங்கம்மா. கிளட்ச்சை விட்டுடாதீங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பெயிண்டரைப் பயிற்சி டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டு, ஸ்ட்ரெச்சரோடு அவளும் ஓடினாள். உள்ளே நுழையும் கதவில் அவளோடு வேலை செய்யும் டாக்டர் குறுக்கே நின்றார். போன வருடம் அவருடைய அம்மாவைக் கொண்டுவந்தபோது, 'நீங்க இப்ப டாக்டர் இல்லை, மகன். வெளிய இருங்க' என்று அவரைத் தள்ளிக் கதவைச் சாத்தியவள் இவள்தான்.

"நீங்க இப்ப மனைவி," என்றார் அவர் மெதுவாக. "வெளிய இருங்க. நான் பாத்துக்கறேன்."

அவள் ஸ்ட்ரெச்சரின் கம்பியை விடவில்லை. "எப்பலேர்ந்து வலிக்குது?" என்று கணவரிடம் கேட்டாள். எத்தனையோ அந்நியர்களிடம் கேட்ட கேள்வி.

"மூணு நாளா சொல்லிக்கிட்டுத்தானேம்மா இருக்கேன்," என்றார். குறையாகக்கூடச் சொல்லவில்லை. கதவு மூடிக்கொண்டது.

நோயாளிகளின் சொந்தங்கள் உட்காரும் பெஞ்சு இவ்வளவு குறுகலானது என்று அன்றுதான் தெரிந்தது. கார் ஓட்டி வந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இருதயக் குழாய் அடைப்பை எடுக்க அவரை மாடிக்குக் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் அவள் எழுந்தாள், உட்கார்ந்தாள். கடைசியில் அந்த டாக்டர் வந்து, "அடைப்பை எடுத்தாச்சு. பேசுறார்," என்றபோது அவளால் எழுந்திருக்க முடியவில்லை.

சாயங்காலம் அவர் படுக்கையருகே போனாள். அவர் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"பயமா இருக்கு," என்றார். "எப்பவும் சொல்வியே, அதைச் சொல்லேன். தூங்கிடுவேன்."

வாயெடுத்தாள். அந்த ஒரு வார்த்தை வரவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு, அவர் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றாள். "மூணு நாள் முன்னாடி, எங்க வலிச்சுது?"

அவர் தாடையைத் தொட்டுக் காட்டிச் சொல்லத் தொடங்கினார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.