சேஸ் நம்பரும் ஒரு உருண்டைப் புளியும்

தாடிக்கொம்புப் பக்கம் எங்கள் ஊரில் ஜீப் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். கார் வைத்திருப்பவர்கள் உண்டு. டிராக்டர் நாலைந்து நிற்கிறது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பழைய ஜீப் என்னுடையது மட்டும். மழைக்குத் தோப்புப் பாதை சேறானால் மினி வேன்கள் பாதியில் உட்கார்ந்துவிடும். நான் கியரை இறக்கிப் போட்டுத் தேங்காயோடு மெதுவாக வெளியே வருவேன். வேகமாக வர வேண்டியதில்லை. வந்தால் போதும்.

வாங்கி ஆறு வருடம். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் அதில் ஆட்டுத்தோல் ஏற்றியவர். உப்புப் போட்ட தோலைச் சந்தைகளில் வாங்கி, திண்டுக்கல்லில் தோல் பதனிடுகிற இடங்களில் கொண்டுபோய் இறக்குவார். வண்டியை முதல் நாள் நான் ஓட்டிவந்தபோது ஊர் நாய்கள் எல்லாம் பின்னாலேயே வந்தன. என் மனைவி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"இது வாசல்ல நின்னா நாம எங்கங்க நிக்கிறது?" என்றாள்.

கழுவினேன். அன்றிலிருந்து தினமும் கழுவினேன். காலையில் தோப்பில் மோட்டார் போட்டால் முதல் தண்ணீர் வண்டிக்கு. அப்புறம்தான் தென்னைக்கு. குழாயை வண்டிக்கு அடியில் விட்டு, தரைத் தகடு, ஸ்பிரிங், வண்டியைத் தாங்குகிற சேஸ் சட்டம் என்று சந்து பொந்தெல்லாம் அடிப்பேன். பிள்ளையைக்கூட யாரும் அப்படிக் குளிப்பாட்டியிருக்க மாட்டார்கள். ரோட்டில் போகிறவர்கள் கேட்பார்கள்.

"என்ன மாமா, தலைக்கு ஊத்தியாச்சா?"

"ஆச்சு."

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஆனால் அவர்கள் கேட்பது எனக்குப் பிடித்திருந்தது.

அப்படியும் துரு வந்தது. முதலில் கதவுக்குக் கீழே ஒரு பொட்டு. அப்புறம் படியில். தேய்த்துப் பெயிண்ட் அடித்தேன். பெயிண்டைத் தூக்கிக்கொண்டு மறுபடி வந்தது. தோல்காரரின் உப்புதான் காரணம் என்று எல்லோரிடமும் சொன்னேன். அந்த மனுசன் வண்டியைக் கெடுத்துத் தலையில் கட்டிவிட்டார் என்று டீக்கடையில் நாலு பேர் கேட்கவே சொல்லியிருக்கிறேன்.

போன வருடம் ஆர்.சி. புத்தகம் முடிந்தது. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியை நேரில் காட்ட வேண்டும். எங்கள் பக்கம் அதை எப்.சி. காட்டுவது என்போம். அன்றைக்கு இரண்டு தடவை கழுவி ஓட்டிக்கொண்டு போனேன். பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு பெண். முப்பது வயது இருக்கும். காக்கிச் சட்டையோடு கீழே ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். அதைப் பார்த்ததும் எனக்கு மரியாதை வந்தது. பயமும் வந்தது.

ஸ்குரூ டிரைவரால் சேஸை ஒரு குத்துக் குத்தினார். உள்ளே போய்விட்டது. தகடு அப்பளம் மாதிரி உதிர்ந்தது.

"அண்ணே, இதுல எத்தன பேரு போவீங்க?" என்று அடியிலிருந்தே கேட்டார்.

"பின்னால தேங்கா மேடம். முன்னால நானும் வீட்டுக்காரியும்."

"இப்பிடியே விட்டா ரெண்டு பேரும் கால ரோட்டுல ஊனித்தான் போகணும்."

அது பெரிதில்லை. தகடு வாங்கலாம். அடுத்ததுதான் பெரிது. ஓட்டுகிற பக்கம், முன் ஸ்பிரிங்குக்கு மேலே, சேஸில் நம்பர் குத்தியிருக்கும். அதன் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் நம்பர் காகிதத்தில் பதியும். அதை ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பார்ப்பார்கள். எழுத்தும் எண்ணுமாக மொத்தம் பத்து. அவர் தேய்த்தபோது நாலுதான் பதிந்தது. மீதி எல்லாம் துருப் பொருக்கு.

எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். கோபமாகப் பேசவில்லை.

"தகடு போனா வேற தகடு போட்டுக்கலாம்ணே. இந்த நம்பர் போனா வண்டியே இல்ல. எனக்கு வாசிக்கத் தெரியணும். இல்லாட்டி இரும்புக்குத்தான் போடணும். ஒரு மாசத்துல கொண்டாங்க."

வெளியே டீக்கடையில் ஒரு புரோக்கர் நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு இருக்கீக? அந்த எடத்த வழிச்சுட்டுப் புதுசாக் குத்திரலாம். அரை மணி நேர வேல."

"வேண்டாம்."

"யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்ல."

அவர் சிரித்தார். நான் வண்டியை எடுத்தேன். அது வந்த நம்பரோடுதான் இருக்க வேண்டும். நானாக ஒன்றைக் குத்தினால் அது வேறு வண்டி. என் வண்டியாக இருக்காது.

நேராகப் பேகம்பூர் போனேன். அங்கே டிங்கர் பட்டறை வைத்திருக்கிற பாய் எனக்குப் பழக்கம். என் வயதுதான். நசுங்கின வண்டியைத் தட்டி எடுப்பதும் தகடு வைத்துப் பற்றவைப்பதும் அவர் வேலை. வண்டிக்கு அடியில் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

"தூங்கிட்டீகளா பாய்?"

"ஏன் மாப்ளே, இதக் கடல்ல ஓட்டுனியா?"

"தோல் ஏத்துன வண்டி பாய். அந்த ஆளு பண்ணுன வேல."

பாய் வெளியே வந்தார். என்னைப் பின்பக்கம் கூட்டிப் போனார். தோல் கிடந்த தரையில் மரப்பலகை அடித்திருந்தது. பலகையைக் கழற்றிக் காட்டினார். கீழே தகடு கறுத்திருந்ததே தவிர, ஓட்டை இல்லை. அப்புறம் முன்பக்கம் காட்டினார். படி, சேஸ், ஸ்பிரிங் மாட்டுகிற இடம். அங்கேதான் எல்லாம் போயிருந்தது.

"தோலு இங்கனயா கெடந்துச்சு? ஒன் மடியிலயா வச்சு ஓட்டுனாரு?"

பாய் தகட்டு மடிப்பிலிருந்து வெள்ளைப் பொடியை விரலால் எடுத்தார். நாக்கில் வைத்தார். துப்பினார்.

"எந்தத் தண்ணியில கழுவுற?"

"தோப்புல. போர்த் தண்ணி."

"அத நீ குடிப்பியா?"

"ச்சே. உப்பு. பருப்புகூட வேகாது. தென்னை தாங்குது, அம்புட்டுதான்."

"மாடு?"

"வாய வச்சுட்டுத் தலைய ஆட்டிட்டுப் போயிரும்."

"மாட்டுக்குத் தெரிஞ்சுருக்கு" என்றார் பாய்.

ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஆறு வருடம். தினமும். சந்து பொந்தெல்லாம். தோல்காரர் பலகை அடித்து வண்டியைக் காப்பாற்றியிருக்கிறார். நான் குளிப்பாட்டித் துருவுக்குத் தின்னக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த வாரம் வேடசந்தூர் சந்தையில் தோல்காரரைப் பார்த்தேன். டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தேன். "என்னப்பு விசேஷம்?" என்றார். ஒன்றும் இல்லை என்றேன்.

மூன்று வாரம் தினமும் பட்டறைக்குப் போனேன். பாய்க்குக் கையாள் நான்தான். பாடியைத் தூக்கி இறக்கினோம். போன தகட்டை வெட்டி எடுத்தோம். பாய் கனத்த தகட்டை அளந்து வெட்டி, மடக்கி, சேஸில் வைத்துப் பற்றவைத்தார். நான் தேய்த்தேன். ரெட் ஆக்சைடு அடித்தேன். மேலே பட்டி பூசி ஓட்டையை மூடுகிற வேலை எதுவும் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். பாய்க்கும் அது பிடிக்காது.

நம்பர் இருக்கிற இடத்தைச் சுற்றிப் பாய் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார்.

"இதுக்குள்ள கிரைண்டிங் மிஷின் வந்துச்சுன்னா ஒன் வண்டி அனாத. ஆமா."

கம்பி பிரஷ் போட்டுப் பார்த்தோம். மேல் பொருக்கு போனது. நம்பர் குழிக்குள் இருந்த துரு அசையவில்லை. கடையில் துருவுக்கு ஒரு ஆசிட் விற்கிறார்கள். பாய் வேண்டாம் என்றார். துருவோடு இரும்பையும் தின்றுவிட்டால் அப்புறம் அழுதாலும் வராது. பத்து நாள்தான் இருந்தது. மற்ற வேலை எல்லாம் முடிந்து வண்டி புது மாதிரி நின்றது. அந்த ஒரு சாண் இடம் மட்டும் அப்படியே கிடந்தது. நான் அதைப் பார்க்காமல் சுற்றிப் போவேன்.

அன்று மத்தியானம் என் மனைவி பஸ்ஸில் சோறு கொண்டுவந்தாள். வட்டத்தைப் பார்த்துக் குனிந்தாள். நகத்தால் சுரண்டினாள்.

"இதுக்கா ரெண்டு ஆம்பளைக முழிக்கிறீக? புளி போட்டீகளா?"

"தங்கச்சி, இது குத்துவெளக்கு இல்லம்மா" என்றார் பாய்.

"எங்க அரிவாமணையிலயும் துரு ஏறும்ணே. நீங்களா வந்து தொடச்சுக் குடுக்கிறீக?"

நான் சோற்றைப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் அவளே வந்தாள். கறுத்த பழம்புளி ஒரு உருண்டை. கெட்டியாகக் கரைத்துத் தூக்குச் சட்டியில் கொண்டுவந்திருந்தாள். "காவிரித் தண்ணியில கரைச்சது" என்றாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். நம்பர் மேல் கனமாக அப்பி, ஈரத்துணி வைத்துக் கட்டினாள். மறுநாள் அவிழ்த்துத் தேங்காய் நாரால் தேய்த்தாள். புளி கறுப்பாக இறங்கியது. துடைத்துவிட்டு மறுபடி அப்பினாள்.

இரண்டாம் நாள் பத்தில் ஆறு தெரிந்தது. மூன்றாம் நாள் ஒன்பது. கடைசி எண் மட்டும் பிடிவாதம் பிடித்தது. புத்தகத்தில் எட்டு. சேஸில் மூன்று மாதிரித்தான் தெரிந்தது. பாய் டார்ச் அடித்துப் பார்த்து மூன்று என்றார். நான் பார்த்தேன். மூன்றுதான். புத்தகத்தில் ஒரு நம்பர், வண்டியில் ஒரு நம்பர் என்றால் கதை முடிந்தது.

"ரெண்டு நாளு விடுங்க. யாரும் தொடாதீக" என்றாள் அவள்.

இரண்டு நாள் விட்டோம். நான் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சினேன். வேறு ஒன்றும் ஓடவில்லை. மூன்றாம் நாள் அவள் துணியை அவிழ்த்துத் துடைத்தாள். பாய் காகிதம் வைத்தார். பென்சிலை நான் வாங்கிக்கொண்டேன். மெதுவாகத் தேய்த்தேன். மூன்றின் இடது பக்கம் இரண்டு வளைவும் மெல்லிசாகக் காகிதத்தில் வந்து மூடின.

"எட்டு" என்றார் பாய். அப்புறம் மறுபடி ஒரு தடவை எட்டு என்றார்.

என் மனைவி சட்டியைக் கழுவப் போய்விட்டாள்.

எப்.சி.க்கு மூன்று பேரும் போனோம். பாய் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அதே இன்ஸ்பெக்டர். மறுபடி சாக்கு விரித்தார். இந்தத் தடவை சின்னச் சுத்தியல். சேஸை முன்னாலிருந்து பின்னால் வரை தட்டிக்கொண்டே போனார். ஒரே சத்தம். எங்கேயும் பொத்தென்று கேட்கவில்லை. அடியிலிருந்தே காகிதம் கேட்டார். அவரே தேய்த்தார். எழுந்து புத்தகத்தோடு விரல் வைத்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். பத்தாவதில் விரல் கொஞ்சம் நின்றது. அப்புறம் காகிதத்தைப் புத்தகத்தில் வைத்து மூடினார்.

"நம்பர் பக்கத்துல மிஷினே படலையே. யாருண்ணே வேல பாத்தது?"

"தகடு இவரு. நம்பர் வீட்டுக்காரி."

"என்னக்கா போட்டீங்க?"

"புளி."

இன்ஸ்பெக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "எங்க வீட்டுப் பித்தளக் கொடம் எல்லாம் கறுத்துக் கெடக்கு. ஒங்களத்தான் கூப்புடணும் போல."

"வந்துருவேன். ஒங்க வீட்டுல என்ன தண்ணின்னு மட்டும் மொதல்ல சொல்லுங்க" என்றாள் என் மனைவி.

ஐந்து வருடத்துக்குப் போட்டுக் கொடுத்தார்கள். வெளியே அந்தப் புரோக்கர் நின்றார். வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தார். பாய் அவருக்காகவே பானெட்டைத் திறந்து காட்டினார். தேவையே இல்லை.

இப்போது வண்டியைத் துணியால் துடைக்கிறேன். சேறு ஒட்டினால் காயவிட்டுத் தட்டுகிறேன். மழை வந்தால் மற்றவர்கள் வண்டியைக் கூரைக்குள் தள்ளுவார்கள். நான் வெளியே எடுத்து நிறுத்துகிறேன். பார்க்கிறவர்கள் என்னவோ நினைத்துக்கொள்கிறார்கள்.

எப்.சி. முடிந்த அன்றைக்கே பாயைப் பட்டறையில் இறக்கிவிட்டு, தோப்புக்குப் போய் முந்நூறு தேங்காய் ஏற்றினேன். முந்தின நாள் மழை. பாதை சேறு. வழியில் ஒரு மினி வேன் அச்சு வரை இறங்கி நின்றது. டிரைவர் கை காட்டினார். கயிற்றைக் கட்டினேன். கியரை இறக்கினேன். சேஸ் பழையபடி இருந்திருந்தால் முன்பக்கம் கையோடு வந்திருக்கும். வேன் வந்தது.

"இந்த ஜீப்புக்கு என்ன வயசுண்ணே இருக்கும்?" என்று டிரைவர் கேட்டார்.

நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். ஜீப்பின் முன் சீட்டிலிருந்து என் மனைவிதான் பதில் சொன்னாள்.

"எங்க ரெண்டு பேரையும் விட மூப்பு" என்றாள்.