பன்னிரண்டு மணிக்கு முடிந்த வேலை

டெப்போ மேனேஜர் கிரெய்க் தன் கையால் காபி கொண்டுவந்து கொடுத்த அன்றைக்கே சல்வு ஸெராஃபாவுக்கு ஏதோ வில்லங்கம் என்று தெரிந்துவிட்டது.

பத்தொன்பது வருஷமாக அந்த டெப்போவில் பார்சல் ஏற்றுகிறான் மனுஷன். அத்தனை வருஷத்தில் கிரெய்க் வாயிலிருந்து ஒரு குட் மார்னிங் உதிர்ந்ததில்லை. கூரியர் டிரைவர் என்றால் அவனுக்கு வேனோடு சேர்ந்து வரும் ஒரு உதிரி பாகம், அவ்வளவுதான். அப்படிப்பட்டவன் காலை ஆறரை மணிக்கு, பெல்ட்டில் பார்சல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஆவி பறக்கும் காபியைக் கொண்டுவந்து நீட்டினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

"குடி மேட். உன் ஸ்கேனர் ரெக்கார்டு எல்லாத்தையும் நேத்து உக்காந்து பார்த்தேன். தங்கம்! இந்த டெப்போவிலேயே உன்னை அடிச்சுக்க ஆள் கிடையாது."

"என் ரெக்கார்டை எதுக்குப் பார்த்தே?"

"உன்னோடது மட்டுமில்ல, முப்பத்தோரு பேரோடதும்தான். கூலி ஆணையத்துக்கு அனுப்பணும்ல? யூனியன்காரி கேட்டா. கேட்ட அன்னைக்கே அள்ளிக் கொடுத்துட்டோம். நம்மகிட்ட ஒளிக்கறதுக்கு என்ன இருக்கு, சொல்லு!" கிரெய்க் அவன் தோளில் தட்டிவிட்டுப் போனான். தட்டின இடம் வெகுநேரம் சல்வுவுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

சல்வுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மால்டாவுக்குப் பக்கத்தில் கோஸோ என்றொரு குட்டித் தீவு. நாலு வயதில் அங்கிருந்து அப்பன் கையைப் பிடித்துக்கொண்டு கப்பலேறி வந்தவன். மேற்குச் சிட்னியில் அப்பன் கோழி வளர்த்தான். மகன் டயர் ஃபாக்டரிக்குப் போனான். ஒருநாள் ஃபாக்டரி இழுத்து மூடப்பட்டது. கையில் கிடைத்த பணத்தோடு வீட்டையும் அடமானம் வைத்து, ஒரு டச்சுக்காரக் கிழவனிடமிருந்து கூரியர் 'ரன்' ஒன்றை வாங்கினான். ரன் என்றால் இன்ன இன்ன தெருக்கள், இன்ன இன்ன கடைகள், அங்கே போகிற பார்சலெல்லாம் உன்னுடையது. ஒரு டிரைவர் இன்னொரு டிரைவருக்கு விற்றுவிட்டுப் போவான், கம்பெனி தலையாட்டும். செவன் ஹில்ஸ் வட்டாரம் முழுக்க சல்வுவின் ராஜ்ஜியம். பல் கட்டுகிற லேப், அச்சகம், மூன்று மருந்துக்கடை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் வாலாட்டும் பதினோரு நாய்கள். ஐம்பத்தாறு வயதில் இடது முழங்கால் தேய்ந்துபோய், வேனிலிருந்து இறங்கும்போது உயிர் போகிறது. அடுத்த வருஷம் அந்த ரன்னை விற்றால்தான் அடமானம் தீரும், உட்கார்ந்து சாப்பிட முடியும். அவனுக்குப் பென்ஷனோ, சேமிப்போ, வேறெந்தப் புண்ணாக்கோ கிடையாது. அந்த ரன்தான் எல்லாம்.

சம்பளம் என்றும் ஒன்று கிடையாது. ஒரு பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி. கம்பெனி அதைக் குறைத்துக்கொண்டே வந்தது. பெட்ரோல் போட்டு, டயர் மாற்றி, இன்ஷூரன்ஸ் கட்டி மிச்சத்தைப் பார்த்தால் அழுகைதான் வரும். அதனால்தான் யூனியன் ஆணையத்துக்குப் போயிருந்தது: ஒரு பார்சலுக்கு இதற்குக் கீழே கொடுக்கக்கூடாது என்று ஒரு வரம்பு கட்டுங்கள் என்று. நியாயமான கோரிக்கை. ஆனால் வரம்பு கட்ட வேண்டுமென்றால் ஆணையத்துக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். ஒரு பார்சலைக் கொண்டுபோய்ச் சேர்க்க எத்தனை நிமிஷம் ஆகிறது?

அங்கேதான் வினை.

ஆபீஸ் பார்சலெல்லாம் பகல் பன்னிரண்டுக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது கம்பெனி சட்டம். தாண்டினால் அந்தப் பார்சலுக்குக் கூலி வெட்டு. தொண்ணூறு பார்சலை எந்த மகாராஜனாலும் பன்னிரண்டுக்குள் முடிக்க முடியாது. அப்புறம்? பதினொன்றரைக்கு எங்காவது ஒரு மரத்தடியில் வேனை ஓரங்கட்டுவது, பின்னால் ஏறி உட்கார்ந்து மிச்சமிருக்கிற அத்தனை பார்சலையும் ஸ்கேனரில் 'கொடுத்தாச்சு, வரவேற்பு மேஜையில் வைத்தாச்சு' என்று வரிசையாகக் குத்திவிடுவது. பிறகு சாயங்காலம் நாலரை வரை ஓடி ஓடி உண்மையிலேயே கொடுப்பது. டிரைவர்கள் இதற்கு 'முன்குத்து' என்று பேரே வைத்திருந்தார்கள். அந்தக் காலத்து ஸ்கேனருக்கு நேரம் மட்டும்தான் தெரியும், இடம் தெரியாது, படமும் எடுக்காது. முப்பத்தோரு பேரும் குத்தினார்கள். சல்வுவுக்கு முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிக் கொடுத்தவன் யார் தெரியுமா? சாட்சாத் கிரெய்க்! ஆனால் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது: பொய்யாக ஸ்கேன் செய்தால் அன்றைக்கே ஒப்பந்தம் ரத்து, ரன் கம்பெனிக்கு.

காபியைக் குடிக்காமல் கீழே கொட்டிவிட்டு சல்வு யூனியன்காரி நோராவுக்குப் போன் போட்டான். நோரா ஹன்னிஃபன் நல்ல பெண், துடிப்பானவள், ஒருநாளும் பார்சல் தூக்காதவள்.

"நோரா, சாட்சி லிஸ்டிலேர்ந்து என்னை எடுத்துடு. முழங்கால் சரியில்ல."

"விளையாடுறியா சல்வு? நீதான் நம்ம முக்கியமான சாட்சி! ஒரு புகார் கூட இல்லாத ஆளு நீ. அதுவுமில்லாம, நான் எடுத்தாலும் பிரயோஜனமில்ல. நீ வரலைன்னா அவங்களே உன்னைக் கூப்பிடுவாங்களாம்."

"யாரு?"

"கம்பெனிதான். எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. உன் ரெக்கார்டு பத்தித்தான் கேக்கணுமாம்."

அவளிடம் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவளிடம் சொன்னால் முப்பது பேரையும் சேர்த்துக் காட்டிக் கொடுத்த மாதிரி. போனை வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை பேக்கரி வாசலில் சியோனேயைப் பிடித்தான். டோங்கா தீவுக்காரன், ஆறடிக்கு மேலே, பக்கத்து ரன் அவனுடையது. போன வருஷம்தான் வாங்கினான். சர்ச்சில் இருக்கிற சொந்தக்காரர்களெல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுத்த கடன். வெள்ளிக்கிழமை தோறும் இரண்டு பேரும் வேன் முன்பக்கத்தில் சாய்ந்துகொண்டு, பாலாடைக்கட்டி வைத்த சூடான மால்டாப் பலகாரமான பஸ்தீட்சி தின்பது வழக்கம். அன்றைக்கு சல்வு தன் பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்திருந்தான்.

"என்ன பெருசு, பொண்டாட்டி அடிச்சுட்டாளா? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"சியோனே, கொஞ்சம் யோசிச்சுப் பாரு. கம்பெனிக்காரன் ஏன் ரெக்கார்டை இப்படிச் சிரிச்சுக்கிட்டே தூக்கிக் கொடுத்தான்? அதுல நாம எல்லாரும் பன்னெண்டுக்கே வேலையை முடிச்சிடறோம்! ஒரு பார்சலுக்கு ரெண்டு நிமிஷம்! உண்மையில நாலு, அஞ்சு ஆகுது. ரெண்டு நிமிஷத்தை வச்சு வரம்பு கட்டினா, இப்ப வாங்குறதை விடக் குறைச்சல். அதுதான் சட்டப்படி சரியான கூலின்னு முத்திரை குத்திக் கொடுத்துடுவாங்க."

சியோனே மெல்லுவதை நிறுத்தினான்.

"எல்லாரும் சேர்ந்து போய்ச் சொல்லிடலாம்டா. முன்குத்து குத்தினோம், குத்த வச்சது நீங்கதான்னு. முப்பத்தோரு பேரையும் ஒரே நாள்ல வெளியே அனுப்பிட முடியுமா? பார்சலை யார் தூக்குவா, கிரெய்க்கோட ஆத்தாவா?"

"நீ அடுத்த வருஷம் வித்துட்டுப் போகப் போற ஆளு. எனக்கு நாலு குழந்தை. என் மாமா, என் சித்தி, பாதிரியார் உட்பட எல்லாரும் அந்த ரன்னுல காசு போட்டிருக்காங்க. ஒருத்தன் வெளியே போனாக்கூட அது நானாத்தான் இருப்பேன், கடைசியா வந்தவன். வேண்டாம் பெருசு. கையெடுத்துக் கும்பிடறேன், வேண்டாம்."

மற்றவர்களையும் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தான். ஒருவன் காது கேட்காத மாதிரி வேன் கதவைச் சாத்தினான். ஒருவன், "நீ யாருகிட்டயாவது வாயைத் திறந்தே..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டான். முடிக்காமல் விட்டதுதான் சல்வுவைப் பயமுறுத்தியது.

வீட்டில் மனைவி தெசா வைத்த முயல் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடக் கேன்டீனில் இருபது வருஷம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியவள், அவளிடம் மறைத்து எதுவும் நடக்காது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உண்மையைச் சொன்னா வீடு போகும். சொல்லலைன்னா?" என்றாள்.

"எல்லாருக்கும் கூலி போகும்."

"எல்லாரும் உன்னை மாதிரி தூங்காம இருக்காங்களாக்கும்? நல்லாத்தான் குறட்டை விடறான் அவனவன். வீட்டை மட்டும் தொலைச்சுட்டு வந்து நின்னே, அப்புறம் இருக்கு உனக்கு." சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது.

ஆணையத்தின் விசாரணை ஜூலை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. நகரத்தில் ஏழாவது மாடி. பின்வரிசையில் பன்னிரண்டு டிரைவர்கள், சியோனே ஞாயிற்றுக்கிழமைக் கோட்டில். மூலையில் கிரெய்க். கம்பெனி வக்கீல் மெல்லிய குரல்காரர், தேன் ஒழுகப் பேசினார்.

"மிஸ்டர் ஸெராஃபா, பத்தொன்பது வருஷம்! பாராட்டறேன். இந்த ரெக்கார்டு உங்க ஸ்கேனரோடதுதானே?"

"ஆமா."

"மார்ச் மாசம் பூரா, கடைசிப் பார்சல் சராசரியா பன்னெண்டு மணிக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி. அப்புறம் வீட்டுக்குப் போயிடுவீங்க. சரிதானே?"

சல்வு எதிரே இருந்த, ஆணையத்தின் தீர்ப்பைச் சொல்லப் போகிற கமிஷனரம்மாவைப் பார்த்தான். அந்த அம்மா பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தாள். 'ஆமா' என்று ஒரு வார்த்தை போதும், வீடு தப்பித்துவிடும். ஆனால் அந்தப் பேனா ரெண்டு நிமிஷம் என்று எழுதிவிட்டால் இனி எந்த டிரைவர் வந்து அழித்துவிட முடியும்?

"இல்ல," என்றான். "நாலரை மணி ஆகும். பார்சலைக் கொடுக்கறதுக்கு முன்னாடியே கொடுத்தாச்சுன்னு குத்திடுவேன். அது பொய்க் கணக்கு."

நோராவின் வாய் திறந்தபடியே நின்றது. வக்கீலோ கொஞ்சமும் அசரவில்லை. இதற்காகவே காத்திருந்தவர் போல ஒரு அடி முன்னால் வந்தார்.

"ரொம்ப நேர்மை. அப்போ, மிஸ்டர் ஸெராஃபா, இப்படிப் பொய்யா ஸ்கேன் பண்றது நீங்க மட்டுமா? வேற யாராவது உண்டா? பேர் சொல்லலாம்."

சல்வு திரும்பிப் பார்த்தான். பன்னிரண்டு பேரில் பதினோரு பேர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சியோனே மட்டும் நிமிர்ந்திருந்தான். அந்த ஆறடி ஆள் குழந்தை மாதிரி, யாருக்கும் தெரியாமல், இல்லை இல்லை என்று தலையை அசைத்தான். எழுந்திருடா, ஒருத்தனாவது எழுந்திருங்கடா என்று சல்வுவின் நெஞ்சு கத்தியது. அந்த ஹாலில் நாற்காலி நகர்ந்த சத்தம் கூட வரவில்லை.

"சொல்லித் தந்தது கிரெய்க்," என்றான்.

"மிஸ்டர் கிரெய்க் வெதரால் அதை மறுத்து ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருக்கார். என் கேள்வி வேற. வேற டிரைவர் யாராவது?"

"நான் மட்டும்தான்."

வக்கீல் மேஜைக்குப் போய் முப்பத்தொரு தாளில் ஒன்றை உருவித் தனியே வைத்தார். "இவர் கணக்கை நாங்களே விலக்கிக்கறோம். மத்த முப்பது பேர் ரெக்கார்டை யாரும் மறுக்கலை."

"இதை எடுத்துட்டா சராசரி எவ்வளவு மாறுது?" என்று கமிஷனரம்மா கேட்டாள்.

"ஒரு செகண்டு, அம்மா."

வாசல் படியில் சியோனே ஓடி வந்து அவனைக் கட்டிக்கொண்டான். கோட்டெல்லாம் வேர்வை. "எங்க எல்லாரையும் காப்பாத்திட்டே பெருசு. என் பிள்ளைங்க உன் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணும்."

"விடுடா," என்றான் சல்வு. "யாரையும் காப்பாத்தலை. ஒருத்தனாவது எழுந்திருச்சிருக்கலாம்ல?" போனைக் கையில் எடுத்தான். தெசாவுக்கு எப்படிப் போன் பண்ணுவது என்று தெரியாமல் நின்றான்.

கிரெய்க் நிதானமாகப் படியிறங்கி வந்தான். சல்வுவைப் பார்த்து, "லெட்டர் வீட்டுக்கு வரும் மேட்," என்றான். அப்புறம் சியோனே பக்கம் திரும்பி, அதே பிரியத்தோடு அவன் தோளில் கை போட்டான்.

"நல்லவேளை, உன்னை இங்கேயே பார்த்தேன். நாளையிலேர்ந்து இவரோட ரன்ல பாதி உனக்கு. அதே கூலிதான். நீதான் பன்னெண்டு மணிக்கே முடிச்சுட்டு வீட்டுக்குப் போயிடறியே, மத்தியானம் பூரா சும்மாத்தானே இருக்கே?"

சியோனே வாயைத் திறந்தான். முடியாது என்று சொல்ல வேண்டுமானால் ஏன் முடியாது என்றும் சொல்ல வேண்டும்.

"சரி," என்றான்.