ஜூலியின் பத்து நாள்

எங்கள் நாய் ஜூலி பின்பக்கத்தைத் தரையில் வைத்து இழுத்துக்கொண்டு போனதை முதலில் பார்த்தது மாமாதான். பார்த்துவிட்டுச் சிரித்தார். அம்மாவின் தம்பி அவர். மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் ஏ.சி. மெக்கானிக், திருவிடந்தையில் எங்கள் வீட்டிலேயே தங்கி வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். "பிரேக்கு புடிக்காத வண்டி மாதிரி போது பாரு" என்றார். பின்னங்கால்கள் இரண்டையும் முன்னால் நீட்டி, முன்னங்கால்களால் துடுப்புப் போடுவதுபோல, வாசல் சிமென்ட் தரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஜூலி உட்கார்ந்தபடியே போனாள். நானும் சிரித்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

மறுநாளும் அப்படித்தான் போனாள். அதற்கடுத்த நாள் வாலுக்கு அடியில் தலையைத் திருப்பிக் கடித்துக்கொள்ளவும் ஆரம்பித்தாள். கல்பாக்கத்துக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, "வயித்துல பூச்சி" என்று ஒரே சொல்லில் முடித்து, மெடிக்கலில் மாத்திரை வாங்கிவந்து பன்னுக்குள் வைத்துக் கொடுத்தார். ஜூலி பன்னைத் தின்றாள், மாத்திரையையும் தின்றாள், மறுபடி தேய்த்தாள். அம்மா நாயைத் தொடுகிற ஆள் இல்லை. வாசலில் பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டு, அது வீட்டுக்குள் கால் வைத்தால் உன்னையும் சேர்த்து வெளியே கட்டிவிடுவேன் என்று என்னிடம் சொன்னாள்.

பயத்தை ஆரம்பித்துவைத்தவர் ஈ.சி.ஆர். சாலை ஓரம் பஞ்சர் கடை வைத்திருந்த அண்ணன். சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனபோது, என் பின்னாலேயே வந்த ஜூலி அவர் கடை வாசலிலும் தேய்த்தாள். அவர் கையிலிருந்த டியூபைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

"எத்தினி நாளா இப்டிக் கீது?"

நான்கு நாள் என்றேன்.

"வெறி புடிக்கிற நாய்க்கு மொதல்ல பின்னங்காலுதான் போவும். அப்பால எச்சி ஊத்தும். அதுக்கிட்டப் போவாத பாப்பா."

இதை அவர் மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. காற்றடித்துக்கொண்டே, மழை வரும்போலிருக்கிறது என்கிற மாதிரித்தான் சொன்னார். அதனாலேயே நான் நம்பினேன்.

அதற்கு முந்தைய வாரம்தான் அடுத்த தெருவில் ஒரு நாயை அடித்துக் கொன்றிருந்தார்கள். சின்னப் பையன் ஒருவனைக் கடித்துவிட்டதாம். நான் பள்ளிக்கூடம் போகும்போது அது சவுக்குத் தோப்பு ஓரமாகக் கிடந்தது. காலில் கயிறு அப்படியே இருந்தது. அடித்தவர்களில் பஞ்சர் கடை அண்ணனும் ஒருவர். அவர் நல்லவர், காற்றுக்கு என்னிடம் காசு வாங்கியதே இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். ஜூலிக்கு என்னதான் ஆயிற்று என்று நானே பார்த்துவிடுவது என முடிவு செய்தேன். அவள் படுத்திருந்தாள். வாலைத் தூக்கினேன். வாலுக்கு அடியில் ஒரு பக்கம் சிவந்து, புளியங்கொட்டை அளவுக்கு வீங்கியிருந்தது. விரலால் தொட்டேன். அவ்வளவுதான். ஒரு சத்தம் கேட்டது, என் மணிக்கட்டில் அவளுடைய பல் இருந்தது. அடுத்த நொடி விட்டுவிட்டு, தலையைத் தாழ்த்தியபடி தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டாள்.

இரண்டு புள்ளிகள். ஒன்றிலிருந்து ரத்தம் வந்தது. பாவாடையில் துடைத்துக்கொண்டு, பழைய ரப்பர் வளையல்களை எல்லாம் தேடி எடுத்து அந்தக் கையில் போட்டுக்கொண்டேன்.

சொன்னால் ஜூலியை அடித்துக் கொன்றுவிடுவார்கள். சொல்லாவிட்டால் நான் செத்துவிடுவேன். வெறிநாய் கடித்தவர்களுக்குத் தண்ணீரைக் கண்டால் பயம் வரும், தொண்டை அடைத்துக்கொள்ளும், அப்புறம் பிழைக்கமாட்டார்கள் என்று வகுப்பில் டீச்சர் சொல்லியிருந்தார். நாய் மாதிரி குரைப்பார்கள் என்பதைப் பிள்ளைகள் நாங்களே சேர்த்துக்கொண்டோம். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. தொண்டை அடைக்க ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். வியாழக்கிழமை காலையில் எழுந்ததும் டிரம்மின் மூடியைத் திறந்து தண்ணீரைப் பார்த்தேன். பயம் வரவில்லை. ஒரு டம்ளர் குடித்தேன். பள்ளிக்கூடத்தில் குழாயைத் திறந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமைக்குள் எத்தனை டம்ளர் குடித்தேனோ தெரியாது, ஒன்றுக்குப் போகக் கேட்டுக் கேட்டு டீச்சரிடம் திட்டு வாங்கினேன். யாருமில்லாத நேரம் குளியலறையில் மெதுவாக 'அம்மா' என்று சொல்லிப் பார்ப்பேன். வார்த்தை வார்த்தையாகத்தான் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பேன்.

ஜூலி தேய்த்துக்கொண்டேதான் இருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வியாதியில் சாகப்போகிறோம் என்பது எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம்போல, டிரம்முக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்ப்பாள்.

சனிக்கிழமை காலை மாமா மீன் வாங்கக் கோவளத்துக்குப் போனார். என்னையும் பைக்கில் ஏற்றிக்கொண்டார். படகுகள் கரையேறியிருந்தன. பேரம் பேசி முடித்த மாமா, "காலு நனைச்சினு வா, போலாம்" என்றார். கடலைப் பார்த்தேன். எனக்கு அலை என்றால் எப்போதுமே கொஞ்சம் உதறல்தான். மூன்று வயதில் ஒருமுறை அலை உருட்டிவிட்டதாக அம்மா சொல்வாள். ஆனால் அன்று அது ஞாபகம் வரவில்லை. நுரை என் பக்கம் ஏறி வந்தது. தொண்டை அடைத்தது. தண்ணீரைக் கண்டு பயந்துவிட்டேன். வந்துவிட்டது.

மணலில் அப்படியே உட்கார்ந்து அலறினேன். மாமா மீன் பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். ஜூலியை அடிக்கக் கூடாது, ஜூலியை அடிக்கக் கூடாது என்று மட்டும்தான் எனக்குச் சொல்ல வந்தது.

"யாரு அடிக்கப் போறா? இன்னா ஆச்சு, சொல்லு."

வளையல்களை மேலே தள்ளிக் காட்டினேன். மாமா அந்த இரண்டு புள்ளிகளைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் எதுவுமே மாறவில்லை. "என்னிக்கி?" என்று மட்டும் கேட்டார். புதன்கிழமை என்றேன். பக்கத்துக் கடையில் துணி சோப்பு ஒன்று வாங்கி, மீன் கழுவுகிற குழாயடியில் என்னை உட்காரவைத்து, மணிக்கட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். வரிசையில் நின்ற பெண்கள் சத்தம் போட்டார்கள். அவர் காதில் வாங்கவில்லை. சோப்பு பாதியாகும்வரை கழுவினார். பிறகு வீட்டுக்குப் போகாமல் நேராகத் திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் பைக்கை விட்டார். மீன் பை மணலிலேயே கிடந்தது.

கையில் ஒரு ஊசி போட்டார்கள். காயத்தைச் சுற்றியும் குத்தினார்கள். அதுதான் உயிர் போகிற வலி. டாக்டர் மாமாவைத் தனியே கூப்பிட்டு எதையோ சொன்னார். மாமா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். வெளியே வந்து எனக்கு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தார். "இன்னும் சில ஊசி கீது, அழாம போட்டுக்கணும்" என்றார். ரோஸ் மில்க் தொண்டையில் தடையில்லாமல் இறங்கியது. நான் பிழைத்துவிட்டேன்.

ஜூலிக்காகத்தான் இன்னும் பயந்தேன். வீட்டில் விஷயம் தெரிந்ததும் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்பா ஜூலியைப் பார்த்தபடி நின்றார். யாரும் கட்டையைத் தேடவில்லை. "அது எங்கியும் ஓடக் கூடாது" என்று சொல்லிவிட்டு, சங்கிலி வாங்கிவந்து கட்டினார்.

திங்கட்கிழமை மாமா ஜூலியின் வாயைத் துணியால் கட்டி, தெரிந்தவர் ஆட்டோவில் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நானும் போனேன். அங்கே இருந்த பெண் டாக்டர் ஜூலி தேய்ப்பதைப் பார்த்ததுமே கையுறையை மாட்டினார். மாமா தலையைப் பிடித்துக்கொள்ள, அவர் வாலைத் தூக்கி, வீங்கிய இடத்தைப் பிடித்து மெதுவாக அழுத்தினார். பழுப்பாக, பேஸ்ட் மாதிரி ஒன்று வந்தது. பிறகு நாற்றம் வந்தது. அழுகின கருவாட்டை இரும்பு டப்பாவில் மூடிவைத்துத் திறந்த மாதிரி. வாசலில் மாட்டோடு நின்றிருந்தவர் மாட்டை இழுத்துக்கொண்டு நகர்ந்தார். டாக்டர் அசரவில்லை. மறுபக்கமும் அழுத்தி எடுத்தார்.

நாய்க்கு ஆசனவாயின் இரண்டு பக்கமும் சின்னப் பை மாதிரி இருக்கும், வெளிக்குப் போகும்போது அது தானாகக் காலியாகிவிடும் என்று எனக்கும் சேர்த்தே சொன்னார். தண்ணியாகப் போனால் அந்தப் பை அழுந்தாது. உள்ளே இருப்பது கெட்டியாகி அடைத்துக்கொள்ளும், அரிக்கும், வலிக்கும். அதுதான் தேய்க்கிறது.

"இன்னா சாப்பாடு குடுக்குறீங்க?"

"சோறும் மீன் கொழம்பும்" என்றார் மாமா.

"கொழம்ப நிறுத்துங்க. பரங்கிக்காய வேகவெச்சு சோத்துல பிசைஞ்சு குடுங்க, கெட்டியாப் போவும். நாலு நாளைக்கு வெந்நீர்ல துணி நனைச்சு ஒத்தடம் குடுங்க. வூட்ல நீங்களே அமுக்காதீங்க, புண்ணாயிடும்."

இது வெறி இல்லையா என்று கேட்டேன். தேய்க்கிறது வெறி இல்லை என்றார். அப்புறம் மாமாவிடம் குரலைத் தாழ்த்திப் பேசினார். கடித்தது, ஊசி போடாத நாய், பத்து நாள் என்று துண்டு துண்டாகக் காதில் விழுந்தது. பத்து நாளில் வீக்கம் வற்றிவிடும்போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஜூலி வாசலில் உட்கார்ந்தாள். சும்மா, எல்லா நாயும் உட்காருகிற மாதிரி. அன்று நான் மூன்று முறை சோறு கேட்டுச் சாப்பிட்டேன். எல்லாம் சரியாகிவிட்டது.

ஆனால் வீட்டில் எல்லோரும் வினோதமாக நடந்துகொண்டார்கள். கல்பாக்கத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு அப்பா மத்தியானம் போன் செய்து, "ஜூலி இன்னா பண்ணுது?" என்று கேட்டார். இதற்கு முன் அவர் அதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அம்மா பரங்கிக்காய் வாங்கி, தோல் சீவி, குழைய வேகவைத்தாள். தட்டை வைத்துவிட்டு, கடைசிப் பருக்கைவரை ஜூலி தின்று முடிக்கும்வரை எதிரிலேயே குந்தியிருந்தாள். ஜூலி ஒருநாள் கொஞ்சம் மிச்சம் வைத்தபோது, தொடவே மாட்டாத நாயின் முகத்தைக் கையால் நிமிர்த்தி, "தின்னுடி, தின்னு" என்று கெஞ்சினாள். அந்த வாரம் சனிக்கிழமை காலை, ஜூலி தட்டைச் சுத்தமாக நக்கி முடித்துவிட்டு வாலை ஆட்டினாள். அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். மாமா ஓட்டலுக்குக் கிளம்பியவர் செருப்போடு அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

கடித்த நாய் கடித்த நாளிலிருந்து பத்து நாள் நல்லபடியாக இருந்தால், கடிபட்டவரும் தப்பித்த மாதிரி என்பதை நர்சிங் படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன். அன்று எனக்கு அது தெரியாது. பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்: எங்கள் அம்மாவுக்கு ஜூலி என்றால் அவ்வளவு உயிர், அது சோறு தின்றால்கூட அழுதுவிடுகிறாள்.